ரிசர்வ் தனி டேங்க் அல்ல: பழைய பைக்குகளின் பெட்ரோல் டேப் பற்றி நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டேப் ஒழுகவில்லை, ஆஃப் செய்தால் பெட்ரோல் நிற்கிறது, ஆகவே நல்ல டேப் என்று பெரும்பாலோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பழைய வண்டியை வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அது போதாது. ஆன் நிலையில் இருக்கும்போது பெட்ரோலை ஒரு மட்டத்தோடு நிறுத்தி, மிச்சத்தை ரிசர்வுக்கென்று வைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வேலையில் பிசகிய டேப் வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாது. வண்டி நின்று, ரிசர்வுக்குத் திருப்பி, பத்து உதை உதைத்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

இங்கே சொல்வதெல்லாம் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டிகளுக்கு: 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி, 2020-ல் வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தைய கார்புரேட்டர் புல்லட் 350, ஊருக்கு ஓரிரண்டாக மிஞ்சியிருக்கும் பிரிட்டிஷ் வண்டிகள். இவற்றில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது.

டேப்பின் மேல்பாகம் டேங்கின் அடிவழியாக உள்ளே நுழைந்திருக்கும். அதில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு குழாய், அடிமட்டத்தில் ஒரு துளை. ஆன் வைத்தால் குழாயின் உச்சி வழியாகத்தான் பெட்ரோல் வரும். மட்டம் உச்சிக்குக் கீழே போனதும் வரத்து நின்றுவிடும். ரிசர்வ் வைத்தால் அடித்துளை திறக்கும். ஆக, ரிசர்வ் அளவை நிர்ணயிப்பது அந்தக் குழாயின் உயரமும், அந்த இடத்தில் டேங்கின் அடிப்பரப்பும்தான். டேப் இருக்கும் பக்கத்து அடிப்பகுதி 25 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 200 சதுர செ.மீ. குழாய் ஒரு செ.மீ. குட்டையானால் 200 மி.லி. ரிசர்வ் போய்விடும். வெளிச்சந்தையில் வாங்கிய டேப் கச்சிதமாகப் பொருந்தியும் 'முன்ன மாதிரி ரிசர்வ் ஓடலையே' என்று கேட்பவர்கள், பழைய டேப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

டேங்கின் வடிவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சட்டத்தின் நடுக்குழாய்க்கு இடம்விட்டு, டேங்கின் அடி இரண்டு பள்ளங்களாகப் பிரிந்திருக்கும். மட்டம் நடுமேட்டுக்குக் கீழே இறங்கியதும் இடப்பள்ளமும் வலப்பள்ளமும் தனித்தனி. ஒரே டேப் உள்ள வண்டியில் டேப் இல்லாத பக்கத்து பெட்ரோல் அங்கேயே தங்கிவிடும். ரிசர்வும் தீர்ந்து நின்றால் வண்டியை டேப் இருக்கும் பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள். எதிர்ப்பக்கத்தில் தேங்கியது மேட்டைத் தாண்டி வந்து சேரும். சில கிலோமீட்டர் கிடைக்கும், அடுத்த பங்க் வரை போதலாம். எத்தனையோ பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பக்கத்தில் பெட்ரோல் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

ரிசர்வ் எவ்வளவு என்று கையேட்டைப் பார்த்து நம்புவதைவிட, சொந்த வண்டியில் அளந்துவிடுவது நல்லது. அரைமணி வேலை. திறந்த வெளியில், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, அருகில் நெருப்பில்லாத இடத்தில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் செய்யுங்கள். டேங்கில் மூன்று லிட்டர் இருந்தால் போதும். கார்புரேட்டர் பக்கத்து ட்யூபைக் கழற்றி உலோகக் கேனுக்குள் விட்டு, டேப்பை ஆனில் வையுங்கள். ஒழுக்கு சொட்டாகி நிற்கும்வரை காத்திருங்கள். அடுத்து அளவுக்குவளையை வைத்து ரிசர்வுக்குத் திருப்புங்கள். இப்போது வருவதுதான் உங்கள் ரிசர்வ். அதுவும் நின்ற பிறகு டேங்கில் மிச்சமிருப்பது வண்டிக்குப் பயன்படாத பெட்ரோல். டேங்கைக் கழற்றும் வேலை வரும்போது அதையும் அளந்து வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையில் ஆனிலேயே எல்லாம் வடிந்து, ரிசர்வுக்குத் திருப்பும்போது ஒன்றும் வரவில்லை என்றால் டேப் கெட்டுவிட்டது. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. நிற்கும் குழாய் அடியில் தளர்ந்தோ விரிசல்விட்டோ இருக்கும். குழாய் உச்சிக்குப் போகாமல் அடிவழியாகவே பெட்ரோல் நுழையும். அல்லது லீவருக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, இரண்டு வழிகளும் உள்ளுக்குள் கலந்திருக்கும். மூன்றாவது, யாரோ கழற்றி மாட்டும்போது குழாயையே விட்டுவிட்டது. முதலாவதைத்தான் கவனமாகத் தேட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் டேப் புதிது போலவே இருக்கும்.

அளந்த கணக்கைத் தூரமாக மாற்றும்போது கஞ்சத்தனமாக மாற்றுங்கள். 1.2 லிட்டர் வந்தது, நெரிசலில் லிட்டருக்கு 35 கி.மீ. கொடுக்கும் வண்டி என்றால் 42 கி.மீ. வருகிறது. அதில் 30 கி.மீ. மட்டும் நம்புங்கள். ஏற்றத்தில் பெட்ரோல் டேங்கின் பின்பக்கம் ஒதுங்கும், இறக்கத்தில் முன்பக்கம். டேப் பின்கோடியில் இருந்தால் நீண்ட மலை இறக்கத்தில் மட்டம் இருந்தும் வண்டி திணறும்.

ஓடும்போது ரிசர்வுக்கு மாறுவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து, கீழே பார்க்காமல் இடக்கையால் லீவரைத் தொட்டுத் திருப்பிப் பழகுங்கள். ஆன் தீரும்போது இன்ஜின் பட்டென்று அணையாது. முதலில் இழுவை குறையும், த்ராட்டில் கொடுத்தால் இன்னும் மோசமாகும். அந்த நொடியில் த்ராட்டிலைக் குறைத்து, ஓரம் ஒதுங்கிக்கொண்டே திருப்பினால் கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பி இன்ஜின் தானாகப் பிடித்துக்கொள்ளும். லாரிக்கு முன்னால் ஏறிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் ஆபத்து. ஆகவே நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும் முன் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற நினைப்பு இருக்க வேண்டும். ஓடோமீட்டர் வேலை செய்யாத பழைய வண்டிக்கு அதைச் சரிசெய்வதே முதல் செலவாக இருக்கட்டும்.

ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் ஜாவா, யெஸ்டி வண்டிகளில் இன்னும் கவனம் தேவை. அங்கே பிஸ்டனுக்கு எண்ணெய் போவதே பெட்ரோலோடுதான். பெட்ரோல் குறைந்தால் கலவையில் காற்று மிகுந்து இன்ஜின் சூடாகும், எண்ணெயும் குறையும். வேகத்தில் அப்படி ஓடவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். திணறல் தெரிந்ததும் கிளட்சைப் பிடித்துவிட்டுத்தான் டேப்பைத் தொட வேண்டும். ஆர்எக்ஸ் 100-ல் ஆயில் பம்ப் தனியாக இருப்பதால் அந்த அளவு பயம் இல்லை.

பெட்ரோல் போட்டதும் லீவரை ஆனுக்குத் திருப்புங்கள், மூடியைப் பூட்டும் முன்பே. இதை மறந்தவருக்கு அடுத்த முறை எச்சரிக்கையே கிடைக்காது.

லீவர் வகை டேப் எல்லாவற்றிலும் எளிதில் சரிசெய்யக்கூடியது. ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் லீவரை மூடியிருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் அலை வாஷர், லீவர், அதன் பின்னால் துளைகள் கொண்ட வட்ட ரப்பர் சீல் என்று வரிசையாக வரும். லீவர் பக்கம் கசிந்தால் லீவரின் ஓ-ரிங்கும் அலை வாஷரின் அழுத்தமும் சந்தேகத்துக்குரியவை. ஆஃபில் நிற்கவில்லை என்றால் ரப்பரும், அது அமரும் உலோக முகமும். ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு முகத்தில் இருக்கும் கீறலை விட்டால் இரண்டே மாதத்தில் பழைய நிலைதான். சீலோடு உரசும் லீவர் முகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் 1000 எண் வாட்டர் பேப்பரை விரித்து, எட்டு வடிவில் மெல்லத் தேய்த்துச் சமமாக்குங்கள். லீவர் இறுக்கமாக இருக்கிறது என்று சாதாரண கிரீஸ் வைக்காதீர்கள். பெட்ரோல் அதைக் கரைத்து கார்புரேட்டரின் ஜெட் என்ற நுண்துளை வரை கொண்டுபோகும்.

டேங்கோடு டேப்பைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளையும் பாருங்கள். சில டேங்குகளில் அந்தத் துளைகள் உள்ளே வரை போகும். போல்ட்டின் அடியில் வரும் ஃபைபர் அல்லது நைலான் வாஷர்தான் அங்கே அடைப்பு. அதற்குப் பதில் இரும்பு வாஷர் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் ஈரம் கசியும், முறுக்கிக்கொண்டே போனால் மரை போய்விடும்.

பிரிட்டிஷ் வண்டிகளின் இழுத்துத் தள்ளும் டேப் வேறு ஜாதி. அந்த வண்டிகள் பலவற்றில் டேங்கின் இருபுறமும் ஒவ்வொரு டேப் இருக்கும்: ஒன்றில் உயரமான குழாய், மற்றதில் இல்லை. குழாய் உள்ளதை மட்டும் திறந்து ஓட்டினால் மற்றது ரிசர்வ். இரண்டையும் திறந்து ஓட்டுகிறவருக்கு ரிசர்வே கிடையாது. உள்ளே அடைப்பது கார்க். காய்ந்தால் சுருங்கி ஒழுகும். வெந்நீரில் ஊறவைத்தால் உப்பிச் சிலகாலம் தாங்கும். ஆனால் அது தற்காலிகம்தான். ஓ-ரிங் போட்ட மாற்று பிளஞ்சர் (இழுத்துத் தள்ளும் தண்டு) கிடைத்தால் தயங்காமல் மாற்றிவிடலாம். மரை பெரும்பாலும் கால் அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை அளவு); ரப்பர் ஒட்டிய பாண்டட் வாஷர் போடுங்கள். டெஃப்லான் நாடா சுற்றாதீர்கள், அதன் நார் பிய்ந்து ஜெட்டை அடைக்கும்.

ஜப்பானிலிருந்து 70-களின் பிற்பகுதியில் வரத்தொடங்கிய பெரிய வண்டிகள் பலவற்றில் ஆஃபே இருக்காது. ஆன், ரிசர்வ், பிரைம் (இன்ஜின் ஓடாவிட்டாலும் பெட்ரோல் இறங்கும் நிலை) மட்டும். ஆனிலும் ரிசர்விலும் இன்ஜின் உறிஞ்சும் வேக்குவம் ஒரு டயாஃப்ரத்தை (மெல்லிய ரப்பர் சவ்வு) இழுத்து வழியைத் திறக்கும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் அந்த வேக்குவம் ட்யூப் வழியாகவே இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். ட்யூபைக் கழற்றினால் உள்ளே ஈரம் தெரிந்தால் டயாஃப்ரத்தை மாற்றுங்கள், ஆயிலையும் மாற்றுங்கள். பிரைமில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போவது சாதாரண டேப்பை ஆனில் விடுவதற்குச் சமம்.

அப்படி ஆனில் விடலாமா? கூடாது. இரவு முழுக்க டேங்கிலிருக்கும் பெட்ரோலை அப்போது தடுத்து நிற்பது, கிண்ணம் நிரம்பியதும் வழியை அடைக்கும் கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி மட்டும். அதன் முனையில் ஒரு துகள் மாட்டினால் ஓவர்ஃப்ளோ வழியாகத் தரையில் கொட்டும், இல்லையேல் டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் நிறையும். இரண்டு வாரத்துக்குமேல் நிறுத்தினால் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தையும் அடித்திருகு வழியாக வடித்துவிடுங்கள்.

எத்தனால் கலப்பு இன்றைய பெரிய பிரச்சினை. 2022-ல் 10 சதவீதத்தை எட்டிய கலப்பு, 2025-ல் 20 ஆகியிருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. சீல் ஊறிப் பருத்தால் அதன் துளைகள் சிறுத்துவிடும்: டேப் ஒழுகாது, திரும்பும், ஆனால் வரத்து பாதியாகும். வண்டி நகருக்குள் நன்றாக ஓடி, வேகத்தில் மட்டும் திணறினால் ஜெட்டைக் குடையும் முன் இதைப் பாருங்கள். கார்க்கின் மேல் பூசும் அரக்கு எத்தனாலில் கரையும். ஓ-ரிங் வாங்கும்போது விட்டான் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடினாலும் அது தாங்குகிறது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், ஆகவே டேங்கின் அடியில், சரியாக ரிசர்வ் துளையருகே சேரும்.

இதனால்தான் 'ரிசர்வில் ஓட்டினால் குப்பை வரும்' என்ற பயம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஓட்டாமல் விட்டால்தான் குப்பை சேர்கிறது. மாதம் ஒருமுறை வீட்டருகே சில கிலோமீட்டர் ரிசர்வில் ஓட்டுங்கள், அடிக்கிண்ணம் உள்ள டேப்பென்றால் அதையும் கழற்றிக் கழுவுங்கள். கிண்ணத்தில் பழுப்புத் தூள் தொடர்ந்து வந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. டேப்பை மாற்றிப் பயனில்லை.

வரத்தைச் சோதிக்க ட்யூபை அளவுக்குவளையில் விட்டு ஒரு நிமிடம் பிடியுங்கள். 80 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 40 கொடுக்கும் புல்லட் ஒரு மணிக்கு 2 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு சுமார் 33 மி.லி. குடிக்கிறது. முழு த்ராட்டிலில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஆகவே ஆனிலும் ரிசர்விலும் நிமிடத்துக்கு 150 மி.லி.க்குக் குறைந்தால் நான் டேப்பைக் கழற்றுவேன். முதலில் நன்றாக வந்து பிறகு மெலிந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். வரத்து மீண்டும் கூடினால் குற்றம் மூடியின் காற்றுத் துளையில். டேப்பும் கார்புரேட்டரும் நன்றாக இருக்க, ட்யூபின் நடுவில் சேர்த்த காகித ஃபில்டர் வரத்தைக் கெடுப்பதும் உண்டு. டேங்குக்குள் இருக்கும் டேப்பின் சல்லடை ஒழுங்காக இருந்தால் அது தேவையில்லை. ட்யூப் மேலேறி இறங்காமல் ஒரே சரிவாக வர வேண்டும், கல்லாக இறுகிவிடும் பிளாஸ்டிக் ட்யூபை வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ டேப் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி, நிற்கும் குழாயின் உயரம், ட்யூப் மாட்டும் மூக்கின் தடிமன், அது திரும்பியிருக்கும் திசை, நான்கும் ஒத்துப்போக வேண்டும். லீவரை அங்கேயே திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் மேல்வாய் வழியாக ஊதிப் பாருங்கள். ஆனில் குழாய் உச்சியை விரலால் மூடிக்கொண்டு மூக்குப் பக்கமிருந்து ஊதினால் காற்று போகக்கூடாது. போனால் அந்த டேப் ரிசர்வைக் காக்காது, வேறு கேளுங்கள்.