வோஜ் மலையில் வாடகை இ-பைக்: ஏறுவதற்கு எடுக்கலாம், பார்ப்பதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரான்சின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸில் இருக்கும் வோஜ் மலைக்குப் போகிறவர்கள் அடிவாரத்தில் இ-பைக், அதாவது மிதிக்கும்போது மின்மோட்டார் உதவுகிற சைக்கிள், வாடகைக்கு எடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் நாள் முழுக்க அதன் மேலேயே உட்கார்ந்து முகட்டுச் சாலையை ஒரே மூச்சில் ஓட்டி முடிக்கலாம் என்று கிளம்பினால், கொடுத்த காசில் பாதி வீண். அந்த மலையில் பார்க்க வேண்டிய சமாச்சாரம் எல்லாம் சாலையிலிருந்து நூறு இருநூறு மீட்டர் தள்ளி, மரங்களுக்குள்ளே இருக்கிறது.

மலையைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. ஆல்ப்ஸ் மாதிரி கூர்மையான உச்சி, பனிப்பாறை எதுவும் கிடையாது. பழைய கிரானைட் மலை, தேய்ந்து தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டது, அடியிலிருந்து தோள் வரைக்கும் பீச், ஃபர் மரக்காடு, தலையில் மட்டும் புல்வெளி. எல்லாவற்றிலும் உயரமான க்ரான் பலோனே 1424 மீட்டர்தான். ஆனால் முகட்டுச் சாலையின் தென்கோடியில் செர்னே ஊரிலிருந்து கிளம்பினால் சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து 908 மீட்டரில் இருக்கும் சில்பர்லோக் கணவாய் வரைக்கும் விடாமல் ஏற வேண்டும், அப்புறம் கொஞ்சம் இறக்கி ஆசை காட்டிவிட்டு மறுபடியும் 1300-க்கு மேலே கொண்டுபோவார்கள். கூட்டிப் பார்த்தால் 1100 மீட்டருக்கு மேல் ஏற்றம். மலை சாதுவாக இருக்கிறது என்று சாதாரண சைக்கிளில் கிளம்பிய என் நண்பர் ஒருவர் முதல் கணவாயிலேயே படுத்துவிட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது கடை. பெயர் போடவில்லை, அடிவார ஊர் ஒன்றில் இருக்கும் சின்னக் கடை. காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள், ஹெல்மெட்டும் பூட்டும் வாடகையிலேயே அடக்கம், சீட் உயரத்தைப் பொறுமையாகச் சரிசெய்து கொடுத்தார்கள், பஞ்சர் ஒட்டும் சாமான்கூடப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இதெல்லாம் நல்லது. நல்லதல்லாதது இரண்டு. ஒன்று, ஐந்து கோடு காட்ட வேண்டிய பேட்டரி நான்குதான் காட்டியது, கேட்டால் 'தாராளமாகப் போதும்' என்கிறார்கள். 500 வாட்-அவர் பேட்டரிக்கு 1100 மீட்டர் ஏற்றம் என்பது மோட்டார் உதவி குறைவாக இருக்கும் ஈகோவில் போனால் தாங்கும். முழு உதவி தரும் டர்போவில் வைத்துக்கொண்டு ஜம்மென்று ஏறினால் தாங்காது, தீர்ந்துபோனால் இருபத்தைந்து கிலோ இரும்பை நீங்கள்தான் மிதிக்க வேண்டும். மலைக்குப் போகிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டியது கடைக்காரரின் கடமை இல்லையா? இரண்டாவது, பின் பிரேக் பேடு. ஏறும்போது தெரியவில்லை, இறக்கத்தில் கிறீச்சென்று கத்த ஆரம்பித்துவிட்டது, லீவரைப் பாதி வரைக்கும் அழுத்தினால்தான் பிடித்தது. இறங்கியதும் சொன்னேன், மன்னிப்புக் கேட்டு வாடகையில் கொஞ்சம் குறைத்தார்கள், சரி. ஆனாலும் நீங்கள் எங்கே எடுத்தாலும் கடை வாசலிலேயே சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பேட்டரி முழுதாக இல்லையென்றால் வேறு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

முகட்டுச் சாலைக்கு ரூட் தே க்ரேத் என்று பெயர், ஏறத்தாழ 80 கிலோமீட்டர். சுற்றுலாவுக்குப் போட்ட சாலை மாதிரி இருக்கிறது, ஆனால் முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சு ராணுவம் போட்டது. 1871-லிருந்து அல்சாஸ் ஜெர்மனி கையில், மலை முகடே எல்லைக்கோடு. 1914-ல் சண்டை தொடங்கியதும் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஆளையும் குண்டையும் சோற்றையும் மாற்ற வடக்கு தெற்காக வழியில்லை. அதனால் முகட்டுக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலும் மேற்குச் சரிவில், கிழக்கே இருந்த ஜெர்மன் பீரங்கிக்காரர்களின் கண்ணில் படாதபடி சாலையை ஒளித்துக்கொண்டு போனார்கள். ஓட்டும்போது இது நன்றாகவே உறைக்கும்: இவ்வளவு உயரம் ஏறியும் கிழக்கே ரைன் நதிச் சமவெளி கண்ணுக்கே படவில்லையே என்று எரிச்சல் வரும், காரணம் அங்கிருந்து கண்ணில் படாமல் இருப்பதற்காகவே போட்ட பாதை அது.

சில்பர்லோக்கில் சைக்கிளைப் பூட்டிவிடுங்கள். இங்கேதான் ஹார்ட்மன்ஸ்வில்லர்கோப், 956 மீட்டர் உயரக் குன்று, பிரெஞ்சுக்காரர்கள் வியெய் அர்மான் என்பார்கள். அதன் தலையில் நின்றால் முலூஸ் நகரப் பக்கத்துச் சமவெளி முழுக்கத் தெரியும், அதற்காகத்தான் இரண்டு படையும் 1915 முழுக்க அதைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தன. அந்த வருடம் டிசம்பர் 21 அன்று பிரெஞ்சு 152-ஆம் காலாட்படை ரெஜிமென்ட் உச்சியைப் பிடித்தது, மறுநாளே ஜெர்மானியர் திருப்பித் தாக்கியதில் அந்த ரெஜிமென்ட் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. மொத்தச் சாவு 30,000 என்று வழக்கமாகச் சொல்வார்கள், பிந்தைய ஆய்வுகள் அதைவிடக் குறைவு என்கின்றன. நினைவிடத்தின் நிலவறையில் மட்டும் அடையாளம் தெரியாத 12,000 வீரர்களின் எலும்புகள் இருக்கின்றன, பின்னால் சரிவில் வரிசை வரிசையாகச் சிலுவைகள்.

கணவாயில் இருக்கும் அருங்காட்சியகம் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து அமைத்தது, 2017-ல் இரு நாட்டு ஜனாதிபதிகளும் வந்து திறந்தார்கள். கட்டணத்துக்குத் தகுந்ததுதான். விளக்கங்கள் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் மூன்றிலும் இருப்பதால் நமக்குச் சிரமமில்லை, யார் ஜெயித்தார்கள் என்று மார்தட்டாமல் இரண்டு பக்கத்துச் சிப்பாய்கள் பட்ட பாட்டையும் சொல்கிறார்கள். முதலில் இதைப் பார்த்துவிட்டு அப்புறம் மேலே நடங்கள், தலைகீழாகச் செய்தால் மேலே பார்ப்பதெல்லாம் வெறும் கல்லும் குழியுமாகத் தெரியும்.

மேலே நடப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். உச்சியில் ஒரு பெரிய சிலுவை நிற்கிறது, எல்லோரும் அதன் அடியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் இறங்கினால்தான் ஜெர்மன் பக்கம். கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர், சிமெண்ட் போட்ட பதுங்கறை, படிக்கட்டு எல்லாம் தங்குவதற்கென்றே கட்டியது போல் நூறு வருடம் தாண்டியும் நிற்கின்றன. பிரெஞ்சுப் பக்கக் குழிகளில் பல சரிந்து வெறும் பள்ளமாகிவிட்டன. ஒரு பதுங்கறை வாசலில் குனிந்து நுழைந்தேன். கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலம், கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், வாசல் ஓரத்தில் திருகாணி போல் முறுக்கிய இரும்புக் கம்பு ஒன்று, சத்தம் கேட்காமல் மண்ணில் திருகி இறக்கி முள்கம்பி கட்டுவதற்காகச் செய்தது. துருப்பிடித்த கம்பியைச் சுற்றிப் பெரணி முளைத்திருக்கிறது. அன்றைக்கு இந்தக் குன்றில் ஒரு மரம் முழுதாக நிற்கவில்லை என்பதைப் பழைய படங்களில் பார்த்துவிட்டு வந்தால், தலைக்கு மேலே இருக்கும் காடு முழுக்க அதற்கப்புறம் முளைத்தது என்பது புரியும். பாதையை விட்டு விலகாதீர்கள், வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இன்னும் கிடக்கின்றன. பலகையில் எழுதியிருப்பது சும்மா மிரட்டல் இல்லை.

ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தக் குன்றில் வேண்டாம், கல்லறை இருக்கிற இடம். மற்ற இடங்களில் காட்டுச் சாலைகள் ஏராளம்.

வழிகாட்டிக் குறிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். க்ளப் வோஜியன் என்ற சங்கம் 1872-லிருந்து இந்த மலையில் பாதை போட்டு, குறி வரைந்து பராமரிக்கிறது. சிவப்புச் செவ்வகம், மஞ்சள் முக்கோணம், நீல வட்டம் என்று மரத்துக்கு மரம் குறி, பிரிவு வருகிற இடத்தில் எல்லாம் பலகை. ஃபோன் சிக்னல் இல்லாத காட்டிலும் தொலைந்துபோவது கஷ்டம். பெரும்பாலும் தன்னார்வலர்கள் செய்கிற வேலை. இந்தப் பயணத்தில் பைசா கொடுக்காமல் கிடைத்த சேவை இது ஒன்றுதான், இருப்பதிலேயே சிறந்ததும் இதுதான்.

க்ரான் பலோன் உச்சிக்கும் சாலையிலிருந்து கால்மணி நேரம் நடக்க வேண்டும். மேலே விமானப் போக்குவரத்து ரேடாருக்கான பெரிய வெள்ளை உருண்டையும், 'நீலப் பிசாசுகள்' என்று பட்டப்பெயர் எடுத்த பிரெஞ்சு மலைப்படைக்கான நினைவுத்தூணும் நிற்கின்றன. காற்று ஆளைத் தள்ளும், ஜூலையிலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் தெரியும் என்கிறார்கள். எனக்கு மேகம்தான் தெரிந்தது.

சைக்கிள் பந்தயம் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் கோயில் மாதிரி. 1905-ல் டூர் டி பிரான்ஸ் தெற்கே இருக்கும் பலோன் தல்சாஸ் ஏற்றத்தில் ஏறியபோது உச்சியை முதலில் தொட்டவர் ரெனே பொத்தியே, அவருக்கு அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. 2023 டூரில் இந்த முகட்டுச் சாலையில் இருக்கும் மார்க்ஸ்டைனில் முடிந்த ஒரு நாள் கட்டத்தை ஸ்லோவேனிய வீரர் பொகாச்சர் ஜெயித்தார். அந்த மார்க்ஸ்டைன், க்ரான் பலோனிலிருந்து இ-பைக்கில் சுகமாகப் போய்விடுகிற தூரம்தான், இந்தப் பகுதிதான் சாலையிலேயே அழகானது, இரண்டு பக்கமும் புல்வெளி திறந்து கிடக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். மோட்டார் பைக் கூட்டம் காதைக் கிழித்துவிடும், வளைவில் உரசிக்கொண்டு போகிறார்கள். வாரநாள் காலை என்றால் மாட்டு மணிச் சத்தம்தான்.

சாப்பாடு. முகட்டோரம் மாட்டுப்பண்ணைக்காரர்களே நடத்துகிற உணவகங்கள் பல, ஃபெர்ம்-ஓபெர்ஜ் என்று பலகை இருக்கும். 'மர்க்கேர்' சாப்பாடு என்று கேளுங்கள்: முதலில் பன்றிக்கறி வைத்த பை, அப்புறம் வெங்காயம், வெண்ணெய், உப்புக்கண்டம் சேர்த்து இரும்புச் சட்டியில் மணிக்கணக்காக வேகவைத்த உருளைக்கிழங்கு, புகைபோட்ட கறி, மன்ஸ்டர் பாலாடைக்கட்டி, கடைசியில் காட்டு ப்ளூபெர்ரி வைத்த டார்ட். அந்த உருளைக்கிழங்கு, அடிப்பிடித்து மொறுமொறுவென்று இருக்கும் ஓரத்தோடு கேட்டு வாங்குங்கள். மன்ஸ்டர் வாசனை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, சொல்லிவிட்டேன். சைவக்காரர்கள் பாடு திண்டாட்டம். ஆம்லெட், சாலட், டார்ட் என்று ஒப்பேற்றலாம், உருளைக்கிழங்கிலும் கறி விழுந்திருக்கும் என்பதால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். நான் போன இடத்தில் முன்பதிவு இல்லையென்று நாற்பது நிமிடம் வாசலில் நிற்க வைத்தார்கள், கார்டு வாங்கவில்லை, பரிமாறியவர் முகத்தில் சிரிப்பும் இல்லை. சாப்பிட்டதும் கோபம் போய்விட்டது என்பது வேறு விஷயம். சாப்பிட்டுவிட்டு உடனே இறக்கத்தில் இறங்காதீர்கள், அவ்வளவு கனம்.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னொரு தகவல். மலைக்கு மேற்கே எபினால் ஊரில் இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் போர்க்கைதிகளின் முகாம் இருந்தது. 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் முகாம் உடைந்து, தப்பியவர்களில் ஏறத்தாழ 500 பேர் நடந்தே ஸ்விட்சர்லாந்து எல்லையைத் தொட்டார்கள். நான் போன இடங்களில் இதைப் பற்றி ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. வைத்தால் என்ன குறைந்துவிடும்?

போகிறவர்களுக்கு: முலூஸிலிருந்து செர்னேவுக்கு ரயில் உண்டு, கார் தேவையில்லை. பனிக்காலத்தில் முகட்டுச் சாலையின் மேல் பகுதி வண்டிகளுக்கு மூடியிருக்கும், அருங்காட்சியகமும் அடைத்துவிடும். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்கும் நல்ல காலம். நாள் முழு வாடகைக்கு ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் போடுகிறேன், பிரேக் ஒழுங்காக இருந்திருந்தால் நான்கரை. மிதிக்கவே பிடிக்காதவர்கள் வடக்கே லேன்ஜ் போர்க்களத்துக்குக் காரிலேயே போய்விடலாம். 1915-ல் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்த இடம், பதுங்குகுழிகள் வாகன நிறுத்தத்திலிருந்தே தொடங்கிவிடும். பிற்பாடு உடல்கள் கண்டெடுக்கப்பட்ட இடங்களில் பிரெஞ்சுக்காரருக்கு வெள்ளைச் சிலுவை, ஜெர்மானியருக்குக் கறுப்பு என்று நட்டிருக்கிறார்கள். குழிகள் குறுகல், ஓரத்தில் முள்கம்பி வேறு, சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.