பழைய கன்வெர்ட்டிபிள் காரை மலிவாகத் தருகிறேன் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் பழைய வெளிநாட்டுக் கார்களை வாங்கி விற்கும் ஒருவரிடம் ஒரு ஜெர்மன் கன்வெர்ட்டிபிள் வாங்கினேன். இரண்டு பேர் உட்காரும் வண்டி, பட்டனை அழுத்தினால் தகரக் கூரை தானாக மடிந்து டிக்கிக்குள் போய்விடும். 2010 மாடல், டெல்லி ரிஜிஸ்ட்ரேஷன், கேட்ட விலை 14 லட்சம், முடிந்த விலை 12.75 லட்சம். ஆள் பெயரும் கடை பெயரும் எழுதப் போவதில்லை, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தாயிற்று, அதை அங்கே பேசிக்கொள்கிறோம். அதே இடத்தில் அதே ரகத்தில் இன்னொரு சிவப்பு வண்டி வந்து நிற்கிறதாம், நம்ம ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கூரை விஷயம். வண்டியைக் காட்டும்போது, "அண்ணாச்சி, பட்டனை மட்டும் அமுக்குங்க, குத்தாலத்துச் சாரல் நேரா உங்க மடியில வந்து விழும்" என்றார். அமுக்கினேன், ஒன்றும் அசையவில்லை. "டிக்கிக்குள்ள திரைய இழுத்து மாட்டல, அதான்" என்று சொல்லிப் பின்னால் போனவர் கொஞ்ச நேரம் டிக்கிக்குள் தலையை விட்டு என்னமோ செய்துவிட்டு வந்தார், அப்புறம் கூரை அழகாக மடிந்தது, திரும்ப மூடியும் காட்டினார். இந்த ரக வண்டிகளில் சாமான் வைக்கும் இடத்தைப் பிரிக்கிற அந்தத் திரையைப் போடாவிட்டால் கூரை இறங்காது என்பது உண்மைதான். கூரை சாமான் மேல் வந்து மோதாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த உண்மையை வைத்தே வாயை அடைத்துவிட்டார். அன்றைக்கு டிக்கிக்குள் அவர் ஊற்றியது, கூரையைத் தூக்கும் சிலிண்டர்களுக்குப் பம்ப் தள்ளுகிற ஹைட்ராலிக் ஆயில் என்பதை அதே இடத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரு தம்பி பிறகு சொல்லித்தான் தெரியும்.

ஜூலையில் சீசனுக்கு மச்சானைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் கிளம்பினேன். ஆலங்குளம் வரை நல்ல வெயில், கூரையைத் திறந்துதான் போனோம். பாவூர்சத்திரம் தாண்டியதும் தூறல். ஓரங்கட்டி பட்டனை அமுக்கினால் டிக்கி மூடி பின்பக்கமாக எழுந்தது, கூரையும் பாதி எழுந்தது, அதோடு சரி. பம்ப் மட்டும் உய்ங் என்று கத்துகிறது, கூரை மேலேயும் வரவில்லை கீழேயும் போகவில்லை. டிக்கி மூடி ஒரு பக்கம், கூரை ஒரு பக்கம் என்று வானத்தைப் பார்த்து நிற்கிற வண்டியை ஓட்டவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. எதிரே டீக்கடையில் இருந்த பெரியவர் வந்து, "என்னவே, வண்டி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கு?" என்றார். சீட்டெல்லாம் தோல், நடுவில் சுவிட்சுகள், எல்லாவற்றிலும் தண்ணீர். லோடு இறக்கிவிட்டு நின்ற ஒரு லாரிக்காரர் தார்ப்பாயும் கயிறும் கொடுத்தார், பணம் கொடுத்தால் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். பம்பில் ஒரு வால்வைத் திருகிப் பிரஷரை இறக்கினால் ஆள் வைத்துத் தூக்கிக் கையாலேயே மூடலாம், பல மாடல்களில் இது உண்டு. அதை விற்கிறவர் சொல்லித் தந்திருக்க வேண்டும். வண்டியோடு வர வேண்டிய கையேட்டையே அவர் தரவில்லை.

திருநெல்வேலியில் இதைத் தொட ஆள் கிடைக்கவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றி கயத்தாறு, கோவில்பட்டி வழியாக மதுரைக்குக் கொண்டுபோனோம், அதற்கே ஒரு தொகை. அங்கே மெக்கானிக் டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் இருந்த பஞ்சு முழுக்க எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருந்தது, பிழிந்தால் சொட்டியது. ஓரத்தில் மழைத்தண்ணீர் வெளியேறுகிற துளையில் இலைச்சருகு மக்கி மண்ணாகவே அடைத்திருந்தது, பம்ப் மேல் துரு. ஒரே நாளில் இப்படி ஆகாது, வருஷக்கணக்கில் ஆனது என்றார். சிலிண்டருக்குள் இருக்கும் சீல் வயசாக ஆக, சூட்டில் நின்று நின்று கரைந்துபோகும், ஆயில் கசியும், கசிந்தால் பம்ப் காற்றைத்தான் தள்ளும். சீலை மட்டும் கம்பெனி தராதாம், சிலிண்டராகத்தான் வாங்க வேண்டுமாம். இங்கே அசெம்பிள் செய்த வண்டியும் இல்லை, முழுசாக இறக்குமதியானது, அதனால் எந்தச் சாமானும் ஆர்டர் போட்டால்தான் வரும். கூரைக்கு மட்டும் எஸ்டிமேட் 4 லட்சத்துக்கு மேல்.

தகரக் கூரை என்றால் உறுதி, துணிக் கூரை என்றால் கிழியும் என்று சொல்லி விற்பார்கள். மெர்சிடஸ் எஸ்எல்கே 1996-ல் வந்த பிறகு இந்த மடியும் தகரக் கூரை பெரிய ஃபேஷன் ஆனது உண்மை. பிஎம்டபிள்யூ இசட்4 2009-ல் தகரத்துக்கு மாறியது, ஆனால் 2018-ல் வந்த புது இசட்4 திரும்பவும் துணிக்கே போய்விட்டது. மெர்சிடஸ் எஸ்எல்லும் 2021-ல் துணிக்குத் திரும்பியது. எடை கூடுதல், டிக்கியில் இடம் இல்லை, உள்ளே ஏகப்பட்ட மோட்டாரும் சென்சாரும். செய்த கம்பெனிகளே கைவிட்ட சங்கதியை 15 வருஷம் கழித்து நாம் பராமரிக்க வேண்டும்.

அடுத்தது காகிதம். "ஆர்டிஓ செலவெல்லாம் நம்ம பொறுப்பு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, வண்டி கைக்கு வந்த பிறகு ஆயுள்வரி அதில் சேராது என்றார். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே நம்பர் வாங்கியே ஆக வேண்டும். அந்த வரியை நாம் கொடுத்த விலைக்குப் போட மாட்டார்கள், புதிதாக விற்ற விலையையும் வண்டியின் வயதையும் வைத்துப் போடுவார்கள். அரைக் கோடிக்கு விற்ற வண்டியை 12 லட்சத்துக்கு வாங்கினாலும் கணக்கு அரைக் கோடியில்தான் ஆரம்பிக்கும். சின்னத் தொகை என்று சொன்னது லட்சத்தில் வந்து நின்றது. அதோடு 15 வருஷம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்குச் சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி கார் என்று பதிவாகியிருந்தால் 40,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் அதையும் இரட்டிப்பாக்கிவிட்டார்கள். பெட்ரோல் வண்டிக்கு 15 வயது ஆனால் டெல்லியில் ஓட்ட முடியாது என்று பல வருஷம் இருந்தது, அதனால்தான் அங்கே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள், அந்த வண்டிகள்தான் இங்கே வந்து "சிங்கிள் ஓனர், டாக்டர் வச்சிருந்தது" ஆகிவிடுகின்றன.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுதான் இது, நின்றாலும் தின்னும். 1500 சிசிக்கு மேல் என்றால் தேர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டுமே 2022-ல் வைத்த கட்டணப்படி 7,897 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. 5 வருஷம் தாண்டிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் மதிப்பை நாமும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்வோம், ஆனால் பார்ட்ஸ் விலை புது வண்டி விலைதான். டயர் முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு, அதிலும் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃப்ளாட் என்றால் ஸ்டெப்னியே கிடையாது. என் வண்டியில் டயர் பளபளவென்று இருந்தது, பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் 3214, அதாவது 2014-ல் 32-வது வாரம் செய்தது. ஓடாமல் நின்றே கிழடாகிப் போன டயர்.

சிவப்பு வண்டியைப் பார்க்கப் போகிற தம்பிகளுக்குச் சில விஷயம். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். கூரையை ஒருமுறை காட்டினால் போதாது, நான்கைந்து முறை திறந்து மூடச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் டிக்கி கார்ப்பெட்டை நீங்களே தூக்கிப் பாருங்கள், சாவி கொடுக்கும் முன்பே. 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதும் வண்ணாரப்பேட்டையில் தாமிரபரணி ஏறியதும், அப்போது முங்கிய வண்டிகள் எல்லாம் எங்கே போயின என்று யோசியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் வண்டல் கோடு தெரிந்துவிடும், சீட் ரெயில் போல்ட்டில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2000-களின் நடுவில் வந்த மெர்சிடஸ் வி6 என்றால், அந்த எம்272 இன்ஜினில் ஒரு காலகட்டத்து வண்டிகளுக்கு இன்ஜின் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட் என்ற தண்டில் பல் தேயும் குறை உண்டு, சரிசெய்ய இன்ஜினையே இறக்க வேண்டும். இன்ஜின் நம்பரை வாங்கி மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ விசாரித்த பிறகு விலை பேசுங்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் வரலாறும் கேளுங்கள், கிலோமீட்டர் எங்கே குறைந்தது என்று அதில் தெரியும்.

கையெழுத்து விஷயமும் ஒன்று. பத்திரத்தில் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். கூரை போனதும் நான் கூப்பிட்டபோது, "வித்த வண்டிக்கு யாரு அண்ணாச்சி கேரண்டி கொடுப்பா" என்று அந்த வரியைத்தான் வாசித்துக் காட்டினார். ஆனால் கூரை நூறு சதவீதம் ஓகே என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் என்னிடம் இருக்கிறது, புகாரோடு அதையும் சேர்த்திருக்கிறேன். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே போகலாம், 10-லிருந்து 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான், 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதனால் அவர் வாயால் சொல்வதை எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். கூரை, கிலோமீட்டர், வரி யார் பொறுப்பு, மூன்றும். அனுப்ப யோசித்தார் என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.