பட்டறை கெடுத்த கார்: அதே இடமா, வேறு இடமா, காப்புறுதியா, நடுவர் மன்றமா?

சிங்கப்பூரில் பட்டறையில் எண்ணெய் மாற்றிக்கொண்டு வந்த கார் மறுநாள் கார்நிறுத்துமிடத்தில் சொட்டத் தொடங்கினால், முன்னே நான்கு வழிகள் உண்டு. அதே பட்டறையிடம் திரும்பக் கொடுக்கலாம். வேறு இடத்தில் சரிசெய்துவிட்டுச் செலவைக் கேட்கலாம். சொந்தக் காப்புறுதியில் கோரலாம். பயனீட்டாளர் சங்கம், நடுவர் மன்றம் என்று போகலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் வெல்வதும் தோற்பதும் ஒரே கேள்வியில் இருக்கிறது: பழுதை முதலில் திறந்து பார்த்தது யார், அப்போது படம் எடுத்தார்களா?

அதனால் முதலில் வண்டியை நிறுத்துங்கள். எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால், எஞ்சின் கெட்டதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்லப் பட்டறைக்கு வழி கிடைத்துவிடும். விரைவுச்சாலையில் நின்றுபோனால், எமாஸ் எனும் விரைவுச்சாலைக் கண்காணிப்புச் சேவையின் இழுவை வண்டி, அதற்கென்று ஒதுக்கிய அருகிலுள்ள கார்நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துவிடும். அதற்கு மேல் உங்கள் செலவு. கிலோமீட்டர் எண், கசியும் இடம், பில் மூன்றையும் படமெடுங்கள். டேஷ்கேம் அட்டையை அன்றே கழற்றி வையுங்கள். சில நாளில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். பட்டறைக்காரர் சோதனை ஓட்டத்தில் எங்கே உரசினார் என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அதே பட்டறை

பெயின்ட் நிறம் பொருந்தவில்லை, கிளிப் உடைந்து பம்பர் தொங்குகிறது, சக்கரம் நேராக இல்லை என்றால் இதுவே நல்ல வழி. அவர்களுக்குக் கூலியும் நேரமும்தான் நட்டம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். என்ன செய்வார்கள், என்று முடிப்பார்கள், மறுவேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

எஞ்சின், கியர்பாக்ஸ் என்றால் கதை வேறு. எண்ணெய் வடிகால் போல்ட்டையே எடுத்துக்கொள்வோம். டொயோட்டாவின் பல மாடல்களில் அதை இறுக்க வேண்டிய விசை சுமார் 37 நியூட்டன் மீட்டர்தான். இம்பாக்ட் கன் எனும் விசைத் திருகியால் அடித்தால் எஃகு போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான அலுமினியச் சம்ப்பின் மரை உரிந்துவிடும். கழற்றும்போது போல்ட்டின் மரையில் வெள்ளிநிறச் சுருளாக அலுமினியம் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் சாட்சி. அதே பட்டறை நீங்கள் இல்லாதபோது திறந்தால் அது துடைத்துத் துணியோடு போய்விடும். எனவே பக்கத்தில் நின்று படமெடுக்க விட்டால் மட்டுமே கொடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றித் தருவதையோ பெரிய போல்ட்டைத் திணிப்பதையோ ஏற்காதீர்கள். ஹெலிகாயில் எனும் கம்பிச்சுருள் மரையைப் போட்டால் தாங்கும், ஆனால் துளையிடும் துகள் எஞ்சினுக்குள் போகாதபடி சம்ப்பைக் கழற்றிச் செய்ய வேண்டும். அந்தக் கூலிக்குப் பல கார்களில் புதுச் சம்ப்பே போட்டுவிடலாம்.

வேறு பட்டறை

நம்பிக்கை போய்விட்டால் இதுதான். ஆனால் பட்டறைகள் நிறைந்த சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ இன்னொருவரிடம் கொடுத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு பில்லை நீட்டினால் முதல் பட்டறை கைவிரிக்கும்: “எங்களுக்குப் பார்க்க வாய்ப்பே தரவில்லையே?” முதலில் மின்னஞ்சல் அனுப்புங்கள், படங்களை இணைத்து, வந்து பார்க்க ஒரு நாளையும் பதிலுக்கு ஒரு கெடுவையும் குறிப்பிடுங்கள். விக்காம், எஸ்டிஏ போன்ற வாகனச் சோதனை நிலையங்களின் ஆய்வறிக்கை காரின் நிலையைச் சொல்லும். யாரால் கெட்டது என்று சொல்லாது. தொகை பெரிதென்றால் சுயேச்சையான மோட்டார் மதிப்பீட்டாளரிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

“வாகனச் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று சுவரில் தொங்கும் பலகைக்கு அஞ்ச வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைச் சட்டத்தின்படி, கவனக்குறைவால் வந்த சேதத்துக்கு அப்படிப்பட்ட விலக்கு நியாயமானதாக இருந்தால்தான் செல்லும். கார் அவர்கள் பொறுப்பில் இருந்தபோது சேதமானால், கவனமாக இருந்தோம் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

சொந்தக் காப்புறுதி

பெரும்பாலும் நட்ட வியாபாரம். தவறான வேலைப்பாட்டையும் இயந்திரப் பழுதையும் பொதுவாகக் காப்புறுதி ஏற்காது. ஏற்கும் சேதமாக இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். கழிவுக்கு முந்தைய சந்தா 2,000 வெள்ளி, என்சிடி எனும் கோரிக்கையில்லாக் கழிவு 50 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குக் கட்டுவது 1,000. ஒரு கோரிக்கையால் என்சிடி 20க்கு இறங்கும், பிறகு ஆண்டுக்குப் பத்தாக ஏறும். அடுத்த மூன்று ஆண்டுகளில் 1,600, 1,400, 1,200 என்று கட்டி, கூடுதலாக மொத்தம் 1,200 வெள்ளி போகும். எக்ஸஸ், அதாவது கோரிக்கையில் நீங்களே ஏற்கும் தொகை, தனி. என்சிடி பாதுகாப்பு வாங்கியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். விதிவிலக்கு ஒன்று: சோதனை ஓட்டத்தில் பட்டறைக்காரர் வேறொரு வண்டியில் மோதியிருந்தால், கோரினாலும் கோராவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவித்துவிடுங்கள்.

பயனீட்டாளர் சங்கமா, நடுவர் மன்றமா?

பட்டறை பெயருக்குப் பயப்படும் நிறுவனமாக இருந்தால் கேஸ் எனும் பயனீட்டாளர் சங்கம் போதும், சமரசம் பேசும். ஆனால் பணம் கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரமில்லை. கதவைச் சாத்திவிட்ட பட்டறையென்றால் நேராகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவது மேல். 20,000 வெள்ளி வரை, இருதரப்பும் சம்மதித்தால் 30,000 வரை கேட்கலாம். பயனீட்டாளருக்குக் கட்டணம் 5,000 வெள்ளி வரை 10 வெள்ளி, அதற்கு மேல் 10,000 வரை 20 வெள்ளி. வழக்கறிஞர்கள் வர முடியாது. அதனால் உங்கள் படங்களும் மின்னஞ்சல்களுமே பேச வேண்டும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் இணையத்தில் பதிய வேண்டும். சாலை விபத்துச் சேதக் கோரிக்கைகளுக்கு அங்கே இடமில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

கடன்பற்று அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியும் உண்டு. அதற்குக் கெடு குறுகியது, உடனே பேசுங்கள். பணம் கட்டாமல் காரை எடுக்க விடமாட்டோம் என்று பட்டறை நின்றால், பில்லில் “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கட்டிவிட்டு வண்டியை மீட்பதே புத்திசாலித்தனம்.

பதியும்போது பலர் சறுக்குவது பெயரில்தான். பெயர்ப்பலகையில் ஒரு பெயர், பில்லில் இன்னொன்று, பேநவ் வழியே பணம் போனது யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு. பில்லில் உள்ள யுஇஎன் எனும் நிறுவன அடையாள எண்ணை, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ரா ஆணையத்தின் தளத்தில் தேடி, அங்கே வரும் பதிவுப் பெயரில்தான் கோரிக்கையைப் போட வேண்டும்.