"ரிவியூ எஸ்.ஓ.எஸ்."னு எழுதிக் குடுத்த ஆஸ்பத்திரிக்கு என்னோட ரிவியூ

ஆஸ்பத்திரி பேர் போடல, கேட்டாலும் சொல்ல மாட்டேன். மதுரையில ஒரு தனியார் குழந்தைங்க ஆஸ்பத்திரி, அவ்ளோதான். இன்னமும் பாப்பாவ அங்கதான் காட்டுறோம், அதனால திட்டுறதுக்குன்னே எழுதுறேன்னு நெனைக்காதீங்க. பாராட்டவும் இருக்கு, எரிச்சலும் இருக்கு, ரெண்டையும் அஞ்சு ஸ்டாருக்குள்ள எப்படி அடக்குறதுன்னு தெரியாமத்தான் இவ்ளோ நீளம்.

போன நவம்பர் மழையில பாப்பாவுக்கு நாலரை மாசம். அக்கா பையன் எல்.கே.ஜி. படிக்கிறான், மூக்கொழுகிக்கிட்டே வந்து இவள கொஞ்சிட்டுப் போனான், அப்புறம் இவளுக்கும் சளி புடிச்சுக்கிச்சு. சளி ஆரம்பிச்ச மூணாவது நாள் பால் குடிக்கும்போதே மூச்சு வாங்குது, நாலு உறிஞ்சு உறிஞ்சிட்டு விட்டுட்டு அழறா. திருமங்கலத்துல இருந்து மதுரைக்கு ஓடுனோம். ப்ராங்கியோலைட்டிஸ்னு சொல்லி ஒரு ராத்திரி அட்மிஷன். நுரையீரல்ல இருக்கிற குட்டிக் குட்டி மூச்சுக் குழாய் வீங்கி உள்ள சளி அடைச்சுக்கிறது, பெரும்பாலும் ஆர்.எஸ்.வி.ங்கிற வைரஸாலதான் வருதாம், பெரியவங்களுக்கு சாதா ஜலதோஷமா போயிடுறது சின்னப் புள்ளைங்கள இப்படிப் போட்டுப் பாத்துருது.

டாக்டருக்கு முழு மார்க். பக்கத்து பெட் பையனுக்கு நெபுலைசர்ல மருந்துப் புகை வைக்கிறாங்க, நம்ம புள்ளைக்கு ஏன் வைக்கலன்னு நானே சண்டைக்குப் போனேன். "அந்தப் பையனுக்கு வேற பிரச்சனைம்மா, இதுக்குப் புகை வச்சு பெருசா பிரயோஜனம் இல்ல, ஆன்டிபயாடிக்கும் வைரஸ ஒண்ணும் பண்ணாது, மூக்குல சொட்டு விடுங்க, பால கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க, மூச்ச நாங்க பாத்துக்கிறோம்"னு நின்னு பொறுமையா சொன்னாரு. பில்லுல தேவையில்லாத ஊசி ஒண்ணு கூட இல்ல, இந்தக் காலத்துல இது எவ்ளோ பெரிய விஷயம்னு புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலைஞ்சவங்களுக்குத் தெரியும்.

எரிச்சல் எங்க ஆரம்பிக்குதுன்னா டிஸ்சார்ஜ்ல. மறுநாள் சாயங்காலம் ஆக்சிஜன் நல்லாருக்கு, பாலும் குடிக்கிறா, கிளம்பலாம்னாங்க. பில் கட்ட ஒண்ணரை மணி நேரம், பேப்பர கையில குடுக்க ஒண்ணரை நிமிஷம். பேப்பர் முழுக்க இங்கிலீஷ், கடைசி வரியில "ரிவியூ ஆஃப்டர் 3 டேஸ், எஸ்.ஓ.எஸ்."னு இருக்கு. எங்க வீட்டுக்காரர் பி.இ. முடிச்சவர், அவருக்கே அது கப்பல் முழுகுறப்ப அனுப்புற சிக்னல்னுதான் தெரியும். கீழ மெடிக்கல்ல இருக்கிற தம்பிதான் "தேவைப்பட்டா முன்னாடியே வாங்கன்னு அர்த்தம்க்கா"ன்னான். எதப் பாத்தா தேவைன்னு முடிவு பண்றது? அதச் சொல்லாம என்ன பேப்பரு.

சொன்னது யாருன்னா முந்தின ராத்திரி டூட்டில இருந்த சிஸ்டர். சிவகங்கைப் பக்கத்துப் பொண்ணு, என்னை விட நாலஞ்சு வயசு சின்னதா இருக்கும், ஆனா கூப்பிடுறது "அம்மா, இங்க வாங்க"ன்னுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு பாப்பா தூங்கும்போது சட்டைய மேல ஏத்தி லைட்டப் போட்டு, என் போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு என்னையே எண்ண வச்சாங்க. வயிறு ஒரு தடவை ஏறி இறங்குனா ஒண்ணு. நான் 15 செகண்ட் எண்ணிட்டு நாலால பெருக்கப் போனேன், கையத் தட்டிவிட்டாங்க. சின்னக் குழந்தை ஒரே சீரா மூச்சு விடாது, கொஞ்ச நேரம் வேகமா விடும், கொஞ்சம் நிறுத்தும், திருப்பி விடும், அதனால முழுசா 60 செகண்ட் எண்ணணும், அழுதுக்கிட்டு இருக்கும்போது எண்ணக் கூடாது, மூக்கு அடைச்சிருந்தா சொட்டு விட்டு சுத்தம் பண்ணிட்டு எண்ணணும். ரெண்டு மாசத்துக்குள்ள 60, ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50, அதுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் 40, இத எட்டிட்டாலே வேகமான மூச்சுதான்னு சொன்னாங்க. உங்க புள்ளைக்கு 50 வந்தா தூங்காம பாருங்க, 60 வந்தா யோசிக்காம கிளம்புங்கன்னாங்க. நல்லா மூச்சு விடும்போது ஒரு வீடியோவும் எடுத்து வச்சுக்கச் சொன்னாங்க, அப்புறம் சந்தேகம் வந்தா பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. இந்த ஒரு ஐடியாவுக்கே தனியா ஒரு ஸ்டார் குடுப்பேன்.

இன்னொண்ணும் சொன்னாங்க, எனக்கு அப்ப மண்டையில ஏறல. இந்த நோவு மூணாவது நாள்ல இருந்து அஞ்சாவது நாள் வரைக்கும் ஏறத்தான் செய்யும், அதுக்கப்புறம்தான் இறங்கும். நாங்க வீட்டுக்கு வந்தது நாலாவது நாள்! ஏறிக்கிட்டு இருக்கிறப்பவே அனுப்பியிருக்காங்க. அனுப்புனது தப்புன்னு சொல்ல வரல, அன்னைக்கு அவ நல்லாத்தான் இருந்தா. ஆனா "இன்னைக்கு ராத்திரி ஏறலாம், கவனமா இருங்க"ன்னு கவுன்டர்ல யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமா இல்லையா?

அன்னைக்கு ராத்திரி 11 மணி. வீட்டுக்காரர் கொரோனா சமயத்துல வாங்குன விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர எங்கயோ தேடி எடுத்து பாப்பா கால் கட்டை விரல்ல மாட்டிட்டாரு. 84னு காட்டுது. வீடே அலறுது. அடுத்த செகண்ட் 97, அப்புறம் வெறும் கோடு. அவ காலை உதறுனா ஒரு நம்பர், உதறலைன்னா ஒரு நம்பர். இது பெரியவங்க விரலுக்கு செஞ்சது, குழந்தைக்கு பாதத்த சுத்தி ஒட்டுற தனி ப்ரோப் இருக்கு, ஆஸ்பத்திரியில அதத்தான் போடுறாங்க, எனக்கு பதட்டத்துல தோணவே இல்ல. பேப்பர்ல இருந்த நம்பருக்கு போன் போட்டா அடிச்சுக்கிட்டே இருக்கு, மூணாவது தடவை செக்யூரிட்டி அண்ணன் எடுத்து "காலையில ஓ.பி. 9 மணிக்குங்க"ன்னாரு. பாவம், அவர என்ன சொல்ல. ஒரு ஆப்ல வீடியோ கால் புக் பண்ணோம், 40 நிமிஷம் கழிச்சு ஒருத்தர் வந்து இருட்டுல புள்ள மூஞ்சிய பாத்துட்டு "லுக்ஸ் ஓகே"ன்னு வச்சுட்டாரு, சட்டையத் தூக்கிக் காட்டுங்கன்னு கூட கேக்கல. 104க்கு அடிச்சிருக்கலாம், எந்நேரமும் ஆலோசனை சொல்ற அரசாங்க நம்பர்தான், ஞாபகமே வரல.

கடைசியில சிஸ்டர் சொன்னபடி உக்காந்து எண்ணுனேன். 46. பால் எப்பவும் குடிக்கிறதுல முக்கால்வாசி குடிச்சா, 9 மணிக்கு டயபர் கனமா இருந்துச்சு, என்னைப் பாத்து சிரிக்கவும் செஞ்சா. போகல. தினசரி காலண்டர் தாளக் கிழிச்சு பின்பக்கம் "11.10 - 46"னு எழுதுனேன், ஏன் எழுதுனேன்னு எனக்கே தெரியாது.

1.30க்கு 50. அப்ப இருந்து தூங்கல. அத்தை ஒரு பக்கம் சாம்பிராணி போடவான்னு கேக்குறாங்க (புகையே ஆகாதுன்னு டாக்டர் சொன்னத மூணாவது தடவையா சொன்னேன்), காலையில போய் தொக்கம் (தொண்டையில அடைச்சத எடுக்கிறோம்னு செய்யிற நாட்டு வைத்தியம்) எடுத்துட்டு வருவோம்னு வேற. எனக்கு எரிச்சல்தான். ஆனா நாலு மணிக்கு கொஞ்சம் முன்னாடி எழுந்து வந்து தொட்டில எட்டிப் பாத்த அதே அத்தைதான் "என்னம்மா, புள்ள அழுகையே வெளிய வர மாட்டேங்குது, மூஞ்சி சரியில்லையே"ன்னாங்க. லைட்டப் போட்டு சட்டைய ஏத்துனேன். விலாவுக்குக் கீழ ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுது, மூக்கு விடைக்குது. வீடியோவ எடுத்து பக்கத்துல வச்சேன், ரெண்டும் ஒரே புள்ளைன்னு சொல்ல முடியாது. 62. பால் வாயில வச்சா ரெண்டு உறிஞ்சு, அவ்ளோதான். 9 மணிக்கு மாத்துன டயபர் அப்படியே காஞ்சு கிடக்கு.

அதுக்கு மேல யாரும் யாரையும் கேக்கல. எதிர்வீட்டு அண்ணன் கார எடுத்தாரு. இப்ப யோசிச்சா 108 கூப்பிட்டிருக்கணும், அதுல ஆக்சிஜன் இருக்கும், நடுவழியில ஏதாவது ஆயிருந்தா கார்ல என்ன பண்ணியிருப்போம். உதடு, நாக்கு நீலமானாலோ, மூச்சு நின்னு நின்னு வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தட்டியும் கண்ணு முழிக்கலைன்னாலோ கார் சாவியத் தேடாம 108தான்னு அப்புறம் அந்த சிஸ்டரே திட்டுனாங்க.

கேஷுவாலிட்டியில போனவுடனே வாங்கிக்கிட்டாங்க, அதுல குறையே இல்ல. ஆக்சிஜன் 89. டூட்டி டாக்டர் "நேத்துதானே போனீங்க"ன்னு ஆரம்பிச்சாரு, நான் வாயத் தொறக்காம காலண்டர் தாள நீட்டுனேன். படிச்சுட்டு வேற கேள்வியே கேக்கல, மூக்குல குழாய் போட்டு ஆக்சிஜன் வச்சாங்க, வாய் வழியா குடிக்க முடியாததால டியூப்ல பால். மூணு நாள் இருந்தோம். அந்தத் தாள சிஸ்டர் பஞ்ச் பண்ணி ஃபைல்லயே வச்சுட்டாங்க.

ரெண்டாவது டிஸ்சார்ஜ்லயும் அதே பேப்பர், அதே எஸ்.ஓ.எஸ். ஆனா இந்தத் தடவை நான் விடல, சிஸ்டர் டூட்டிக்கு வர்ற வரைக்கும் கிளம்ப மாட்டேன்னு உக்காந்துட்டேன். அவங்க பேனா எடுத்து கீழ தமிழ்ல எழுதுனாங்க: பால் பாதிக்குக் கீழ, டயபர் 8 மணி நேரம் ஈரமில்ல, நெஞ்சு குழி, 60, முழிக்காத தூக்கம். காய்ச்சல் பத்தியும் கேட்டேன், மூணு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைன்னா 100.4 வந்தாலே எந்நேரமா இருந்தாலும் வந்துரணும், மருந்து ஊத்திப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது, உங்களுக்கு அந்த வயசு தாண்டிருச்சு, ஆனாலும் மூச்சோட சேந்து வந்தா வாங்கன்னாங்க. அப்படியே நான் பையில வச்சிருந்த பாராசிட்டமால் பாட்டில வாங்கிப் பாத்து இன்னொரு தப்பையும் புடிச்சாங்க. டாக்டர் எழுதுனது சிரப், 5 மில்லியில 125 மில்லிகிராம். நான் வச்சிருந்தது அக்கா வீட்டு டிராப்ஸ், ஒரு மில்லியிலயே 100. சிரப் அளவுக்கு டிராப்ஸ ஊத்தியிருந்தா நாலு மடங்கு போயிருக்கும். நல்லவேளை இன்னும் தொறக்கல.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சும் இருமல் போகல. திருப்பி பயம். எண்ணுனா 38, பால் முழுசா, விளையாடுறா. இருமல் மூணு வாரம் வரைக்கும் இழுக்கலாம்னு டாக்டர் சொன்னத நம்பி வீட்டுலயே இருந்தோம், பதினெட்டாவது நாள் தானா போச்சு.

மொத்தத்துல டாக்டருக்கு 5, அந்த சிஸ்டருக்கு 5 பத்தாது, ராத்திரி போனுக்கு சைபர், டிஸ்சார்ஜ் பேப்பருக்கு 1, அதுவும் கீழ எழுத இடம் விட்டிருந்ததுக்காக. ஆப்ப அழிச்சுட்டேன். புள்ள பொழைச்சு வந்தத நெனைச்சு 4 போட வந்தேன், ஆனா விடியக்காலை அஞ்சு மணிக்கு ஆக்சிஜன் மாட்டுன புள்ளையத் தனியா விட்டுட்டு இவர் கீழ ஓடுனா, "திரும்ப அட்மிஷன்னா புது ஃபைல் சார், 300 ரூபா"ன்னு வாங்கிட்டுத்தான் விட்டாங்க. அதனால 3.