மரமேறும் கயிற்றுக் கருவிகள்: செய்துகொண்டவையும் செய்யாமல் விட்டவையும்

புளி, மருதம், வாகை போன்ற பெருமரங்களில் கயிற்றில் தொங்கியபடி கொப்பு கழிக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகத் திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரங்களில் செய்துவருகிறேன். இந்த வேலைக்கென்றே தயாராகும் கருவிகள் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து வரவழைத்தவையும் நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் அப்படியே ஒத்துவரவில்லை. ஆகவே சிலவற்றை நானே செய்துகொண்டேன், சிலவற்றை மாற்றித் தைத்துக்கொண்டேன், சிலவற்றில் கை வைக்கவே இல்லை. எதில் கை வைக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தப் பொருள் அறுந்தால் நான் விழுவேனா? விழுவேன் என்றால் அது தரச்சான்றோடு விலைக்கு வாங்க வேண்டிய பொருள்.

அந்தக் கணக்கில் முதலில் நிற்பது ஏறுகயிறு. நான் பயன்படுத்துவது 11 மி.மீ. தடிமனுள்ள, உள்ளே இழைக்கட்டும் மேலே பின்னலுறையும் கொண்ட, அதிகம் நீளாத கயிறு. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1891-இன் ஏ வகைக் கயிறு முடிச்சில்லாத நிலையில் குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,240 கிலோ இழுவிசையைத் தாங்க வேண்டும். இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு தன் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது, பழமையும் உராய்வும் அதற்குமேல் குறைக்கின்றன.

கடைகளில் பச்சையும் நீலமுமாகச் சுருள் சுருளாகத் தொங்கும் கயிற்றைக் காட்டி, "நைலான்தான் அண்ணாச்சி, லாரியையே இழுக்கும்" என்பார்கள். ஒரு சாண் வெட்டி வாங்கி, தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி வெளியேறும்படி நன்றாகப் பிசைந்து பாருங்கள். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும்; மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். பாலிப்ரொப்பிலீன் சுமார் 165 டிகிரியிலேயே உருகிவிடும், வெயிலில் கிடந்தால் இழை நொறுங்கும். வெட்டிய கொப்புகளை ஓரமாக இழுத்துப் போட அது போதும், ஆள் தொங்குவதற்கு ஆகாது. அதற்காக, மூழ்கும் கயிறெல்லாம் ஏறத் தக்கது என்றும் கொள்ளக் கூடாது.

நான் அதிகம் மாற்றிப் பார்த்தது பிடிமுடிச்சுக் கயிற்றைத்தான். ஏறுகயிற்றைச் சுற்றி, சுமை விழுந்தால் இறுகியும் கையால் தள்ளினால் நழுவியும் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்துவது இதுவே. 1931-இல் கார்ல் புருசிக் அறிமுகப்படுத்திய முடிச்சின் வழியில் வந்தது. முழுப் பாலியெஸ்டர் கயிற்றில் உயரத்திலிருந்து சற்று வேகமாக இறங்கினால் உராய்வுச் சூட்டில் உறை இளகி, மெழுகு பூசியதுபோல் பளபளப்பான திட்டுகள் உண்டாகின்றன. கண்ணுக்குத் தெரியும் முன்பே விரல்நுனிக்கு அந்தக் கெட்டித்தன்மை தெரியும். அத்தகைய திட்டைக் கண்டதும் அந்தத் துண்டைக் கழித்துவிடுவேன். இப்போது வைத்திருப்பது, உருகாத அராமிட் என்னும் செயற்கை இழையால் பின்னிய உறை கொண்ட 8 மி.மீ. கயிறு. அராமிட் சூட்டைத் தாங்கினாலும் வெயிலையும் ஓயாத மடிப்பையும் தாங்காது என்பதால், வேலை முடிந்ததும் துணிப்பைக்குள் போய்விடும். இரு முனைகளிலும் ஆலையிலேயே வளையமாக மடக்கித் தைத்த கண்களுள்ள துண்டையே வாங்குகிறேன். நான் மாற்றுவது நீளத்தையும் சுற்று எண்ணிக்கையையும்தான். குட்டையான துண்டு ஒவ்வொரு முறை உட்காரும்போதும் இழக்கும் தூரத்தைக் குறைக்கிறது. குற்றாலம் பக்கம் சாரலில் நனைந்த கயிற்றில் முடிச்சு அளவுக்கு மீறி இறுகுவதால், ஆனி, ஆடியில் ஒரு சுற்றைக் குறைத்துக் கட்டுகிறேன். எந்த மாற்றமானாலும் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் முழு எடையையும் போட்டு, குதித்து, இறங்கிப் பார்க்காமல் மேலே கொண்டுபோவதில்லை.

செய்துகொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தோல் குழாய். கயிறு கவையின் மேல் ஓடும்போது மரப்பட்டையைத் தேய்க்கிறது. தாமிரபரணிக் கரை மருதமரங்களின் மெல்லிய பட்டை செதில் செதிலாக உரிகிறது; புளியின் சொரசொரப்போ கயிற்றையே தின்கிறது. இதற்கு இரு வளையங்கள் கோத்த பட்டை விற்பனைக்கு உண்டு. ஆனால் அதில் ஆளின் எடை முழுவதும் நிற்பதால் அதை நான் செய்ய முயலவில்லை. மாறாக, பாளையங்கோட்டையில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் தடித்த எருமைத்தோலை இரண்டடி நீளக் குழாயாகத் தைத்து வாங்கினேன். தையல் உட்புறம் கயிற்றில் உரசக் கூடாது என்று சொன்னதும், அவரே விளிம்புகளை வெளிப்புறம் மடக்கித் தைத்துத் தந்தார். அந்த யோசனைதான் இது இத்தனை காலம் உழைப்பதற்குக் காரணம். கயிற்றைக் குழாய்க்குள் கோத்துக் கவையில் அமர்த்தினால் உராய்வு முழுவதும் தோலுக்குள்ளேயே நிகழ்கிறது. தோல் கிழிந்தாலும் கயிறு கவையில்தான் இருக்கும் என்பதால் என் அளவுகோலுக்கும் இது தேறுகிறது. நனைந்து காய்ந்தால் தோல் விறைத்துவிடும். அவ்வப்போது விளக்கெண்ணெய் தடவினால் பழையபடி வளைகிறது.

கைரம்பத்துக்கான உறையை மூன்று அங்குலப் பி.வி.சி. குழாயைச் சூடுகாட்டித் தட்டையாக்கிச் செய்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிவாளுக்கு, பனையேறிகள் இடுப்பில் கட்டும் அரிவாள்பெட்டியின் அமைப்பே சிறந்தது. எங்கு இருந்தாலும் கை தானாகப் போகும் இடத்தில் அது நிற்கிறது. சுமையில் விறைத்து நிற்கும் கயிற்றில் அரிவாள் நுனி பட்டாலே போதும், அறுந்துவிடும். ஆகவே வெட்டும் நேரத்தில் ஏறுகயிற்றோடு, எஃகுக் கம்பி உள்ளோடிய இடைக்கயிறும் (இடுப்புப் பட்டையில் மாட்டும் குட்டைக் கயிறு) மரத்தைச் சுற்றிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த எஃகும் கைரம்பத்தின் ஓரிரு உரசலைத்தான் தாங்கும், இயந்திர ரம்பத்தைத் தாங்காது.

இடுப்புப் பட்டையில் உள்ள பஞ்சணை சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்சி ஊறிப்போகும். தொடையில் வேர்க்குருவும் புண்ணும் வந்தன. கழற்றித் துவைக்கும்படி பருத்தித் துணியில் உறை தைத்து, ஒட்டும் பட்டையால் மூடிக்கொள்ளும்படி செய்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. சுமை தாங்கும் நாடாவில் ஊசி இறங்கக் கூடாது, துளை போடக் கூடாது, மையால் பெயர் எழுதவும் கூடாது. தைக்க வேண்டிய எதையும் பஞ்சணையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். லோடு ஆட்டோவில் கயிற்று மூட்டையை பேட்டரியின் அருகில் வைக்காதீர்கள். அமிலம் நைலானை வெளியே அடையாளம் தெரியாமல் அரித்துவிடும். மண்ணும் அப்படித்தான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சேற்றில் புரண்ட கயிறுகளை வெறும் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, நிழலில் உலர்த்தினேன். அப்படியும் உள்ளே நறநறவென்று மணல் நெரிந்த ஒன்றைக் கழித்துவிட்டேன். பெட்சல் போன்ற தயாரிப்பாளர்கள் துணி, நெகிழிப் பொருள்களுக்கு, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும், அதிகபட்சம் 10 ஆண்டு என்று வரையறுக்கிறார்கள். வாரம் தவறாமல் வேலை பார்க்கும் கயிற்றுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. கழித்த கயிற்றை முழுதாக யாருக்கும் கொடுப்பதில்லை. வேறொருவர் நம்பி ஏறிவிடாதபடி இரண்டு முழத் துண்டுகளாக நறுக்கிய பிறகே வீட்டை விட்டு வெளியே போகும்.