காரைக்குடியில் மேக் அண்ட் சீஸ் தேடிப் போகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். காரைக்குடிக்குள் புதிதாக வந்திருக்கும் ஒரு மாடிக் கடையில் மெனுவில் 'இம்போர்ட்டட் செடார்' என்று பெரிதாகப் போட்டு மக்ரோனியில் சீஸ் போட்டுக் கிண்டும் மேக் அண்ட் சீஸை ஒரு தட்டு 320 ரூபாய்க்கு விற்றார்கள். செடார் ஒரு வகைச் சீஸ், எங்கள் தட்டுக்கு வந்தது செடார் இல்லை. அது சீஸே இல்லை என்பதற்கு என்னிடம் படம் இருக்கிறது. கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். கீழே கமெண்டில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு உன்னை யார் மேக் அண்ட் சீஸ் தின்னச் சொன்னது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். டொரொன்டோவில் இருக்கும் என் தம்பி ஆடியில் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகனுக்கு ஒன்பது வயது. வந்து இறங்கிய மறுநாள் காலையில் அடுப்படிக்கு வந்து "அத்தை, கேடி இருக்கா?" என்றான். திண்ணையில் இருந்த எங்கள் அம்மா, "ஏன்டா, வந்ததும் வராததுமா கேடியைத் தேடுறே, உங்கப்பன் ஏதும் வம்புல மாட்டிக்கிட்டானா" என்று பதறிவிட்டார்கள். அப்பத்தாவுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. கனடாவில் கிராஃப்ட் டின்னர் என்று மேக் அண்ட் சீஸ் ஒரு நீல நிறப் பெட்டியில் வருகிறது, 1937-லிருந்து விற்கிறார்கள், மக்ரோனியை வேகவைத்துப் பாலும் வெண்ணெயும் விட்டுக் கூடவே வரும் ஆரஞ்சுப் பொடியைக் கலந்தால் வேலை முடிந்தது. அதை அங்கே சுருக்கமாகக் கேடி என்கிறார்கள். நம் ஊர்க் கேடிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

வெள்ளைப் பணியாரத்தில் ரெண்டு வாய் சாப்பிட்டான். ஆடிக் கும்மாயம் என்ற எங்கள் ஊர் இனிப்பை மோந்து பார்த்துவிட்டு, "சாக்லேட் மாதிரி இருக்கு, ஆனா சாக்லேட் இல்லையே" என்று தள்ளிவைத்துவிட்டான். பிள்ளை பட்டினி கிடக்கிறானே என்று மூன்று வாரத்தில் நான்கு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் எனக்கே ஒரு ருசி வந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை.

முதல் கடை நூறு அடி ரோட்டுப் பக்கம் ஒரு பேக்கரி. 160 ரூபாய். மக்காச்சோளம் போட்டு, கொஞ்சம் இனிப்பாக, வெள்ளை சாஸில் மக்ரோனி. சீஸ் என்று பெயருக்கு மேலே நாலு துருவல். பரவாயில்லை ரகம், ஆனால் பலகையில் 'ஒயிட் சாஸ் மக்ரோனி' என்றுதான் எழுதியிருந்தார்கள், எழுதியதைத்தான் கொடுத்தார்கள்.

அடுத்தது சாயங்காலம் மட்டும் போடும் ஒரு தள்ளுவண்டி. இஞ்சி பூண்டு, வெங்காயம், தக்காளி, மிளகாய்ப்பொடி எல்லாம் போட்டு வதக்கி, இறக்கும்போது ஒரு சீஸ் ஸ்லைஸைப் பிய்த்துப் போட்டு மூடிவைக்கிறார். 90 ரூபாய். "இது என்ன சீஸ் தம்பி" என்று கேட்டதற்கு, "பாக்கெட் ஸ்லைஸ்தான்க்கா, இந்தாங்க பாருங்க" என்று அட்டையையே எடுத்துக் காட்டினார். இதற்கு மேக் அண்ட் சீஸ் என்று பெயர் வைத்தால் கனடாக்காரன் சண்டைக்கு வருவான், எங்கள் வீட்டுக் கனடாக்காரன் வந்தும் விட்டான், ஆனால் நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மூன்றாவது, கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீட்டை ஓட்டல் ஆக்கியிருக்கிறார்கள், அங்கே. 450 ரூபாய், சேவை வேகமோ வேகம், ஐம்பது நிமிடம் காத்திருந்தோம், ஆத்தங்குடி கல்லில் இருக்கும் பூவையெல்லாம் பையன் எண்ணி முடித்துவிட்டான். ஆனால் வந்தது அசல். வெண்ணெயில் மைதாவைப் பச்சை வாசம் போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி தட்டாமல் கிண்டி, அடுப்பை விட்டு இறக்கியபின் துருவிய செடாரைச் சேர்ப்பதாக அங்கே சமைப்பவரே வந்து சொன்னார். இறக்கிய பின்னால்தான் போட வேண்டுமாம், கொதிக்கும்போது போட்டால் சீஸ் திரிதிரியாகி எண்ணெய் பிரிந்துவிடும். மேலே லேசாகச் சிவந்து, உள்ளே குழைவாக, முடிவில் நாக்கில் ஒரு சின்னப் புளிப்பு. தட்டு காலி.

இந்த ருசி நாக்கில் இருந்ததால்தான் நான்காவதாகப் போன அந்த மாடிக் கடை என்னிடம் மாட்டியது, இல்லையென்றால் இதுதான் போலிருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன்.

கடை பார்க்க ஜோராக இருக்கும். மஞ்சள் விளக்கு, சுவரில் இங்கிலீஷ் வாசகம், படம் எடுக்க ஓர் ஊஞ்சல். இரண்டு மேக் அண்ட் சீஸ் சொன்னோம். மேலே சிவக்கச் சுட்டுத் தர 60 ரூபாய் தனி என்றார்கள், சரி என்றேன். எக்ஸ்ட்ரா சீஸ் வேண்டுமா என்று பையனைப் பார்த்துக் கேட்டார்கள், அவன் வேண்டாம் என்றா சொல்வான், அது ஒரு 80.

எட்டே நிமிடத்தில் வந்துவிட்டது. மக்ரோனி எப்போதோ வெந்து நேற்று வைத்த சோறு மாதிரி இருந்தது. மேலே ஒரு மஞ்சள் ஆடை, ஸ்பூனால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் மொத்தமாக எழுந்து வருகிறது. இரண்டாவது வாயில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பதினாறு வருஷமாகத் தேன்குழலும் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் போட்டுக் கொடுக்கிறவள். நெய்யில் பிடித்த மாவுருண்டை வாயில் போட்டதும் கரையும், டால்டா கலந்திருந்தால் விழுங்கிய பிறகும் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் ஒட்டிக்கொண்டு நிற்கும், வெந்நீர் குடித்தால்தான் போகும். அதே மெழுகு. அந்தப் புளிப்பும் செடார்ப் புளிப்பு இல்லை, மயோனைஸ் புளிப்பு. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8-லிருந்து ஓராண்டுக்கு நம் அரசு தடை போட்டது நினைவிருக்கும், இவர்கள் எதைக் கலந்தார்களோ, கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

பரிமாறிய தம்பியிடம் என்ன சீஸ் என்று கேட்டேன். "இம்போர்ட்டட் செடார் மேடம்" என்றான். பாக்கெட்டைக் காட்டச் சொன்னேன். உள்ளே போனவன் வரவில்லை, முதலாளி வந்தார். முப்பது வயது இருக்கும். சிரித்துக்கொண்டே, "மேடம், நீங்க நம்ம ஊர்ப் பலகாரம் சாப்பிட்டுப் பழகினவங்க, ஒரிஜினல் சீஸ் முதல்ல இப்படித்தான் இருக்கும், போகப் போகப் பிடிச்சிடும்" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காசு போனதைவிட எனக்கு இதுதான் இன்னும் ஆறவில்லை. பையன் நடுவில் புகுந்து, "இட் டேஸ்ட்ஸ் லைக் எ கிரேயான்" என்றான். முதலாளி அதற்கும் சிரித்தார்.

அப்புறம் பில். இரண்டு தட்டு 640, எக்ஸ்ட்ரா சீஸ் 80, சுட்டது 60, ஆக 780. அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம் 78. அந்த 858-க்கு ஜிஎஸ்டி ஐந்து சதவீதம். மொத்தம் 901 ரூபாய். சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னால் "கம்ப்யூட்டர்ல தானா வருது மேடம்" என்கிறார்கள். வரக் கூடாது. 2022 ஜூலை 4-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைப்படி ஓட்டல்காரர் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்க முடியாது, ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டும் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்று சொல்லிவிட்டது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது, தம்பி அவசரப்பட்டு ஜிபேயில் கட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால் அதைவிடப் பெரிய கூத்து, வரி வாங்கியிருக்கிறார்கள், ஜிஎஸ்டி எண்ணைக் காணோம். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும் பதினைந்து எழுத்து எண் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினான்கு இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து விதி, அதுவும் இல்லை.

படத்துக்கு வருகிறேன். வண்டி எடுக்கக் கடைக்குப் பின்னால் போனோம். படிக்கட்டுக்குக் கீழே காலி அட்டைப்பெட்டிகளும் இரண்டு கிலோ பிளாஸ்டிக் உறைகளும் குப்பையாகக் கிடந்தன. உறையின் முன்பக்கம் உருகி வழியும் மஞ்சள் படம். பின்பக்கம் திருப்பினால் பொடி எழுத்தில் 'அனலாக்', அதன் கீழே சேர்மானம்: தண்ணீர், பாமாயில், ஸ்டார்ச், பால் புரதம், நிறமி. அதாவது பால் கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாவர எண்ணெயை வைத்து, சீஸ் மாதிரி உருகவும் இழுக்கவும் செய்கிற சரக்கு. இதை விற்பது குற்றமில்லை, உறையில் அனலாக் என்று போட்டுத்தான் விற்கிறார்கள், தயாரித்தவர் பொய் சொல்லவில்லை. அந்த உறையைக் கிழித்துத் துருவித் தட்டில் போடும்போது அது செடாராகிவிடுகிறதே, அங்கேதான் திருட்டு. நான்கு படம் எடுத்துக்கொண்டேன். தம்பி மனைவி, "விடுங்க அண்ணி, குப்பையைப் போய் நோண்டிக்கிட்டு" என்று சங்கடப்பட்டாள். பாவம், அவளுக்கு நாற்றம்.

நீங்கள் போனால் என்ன செய்யலாம். சாப்பிடுவதற்கு முன்னால் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள், தள்ளுவண்டிக்காரர் காட்டுகிறார், 320 ரூபாய் வாங்குகிறவர் காட்டட்டுமே. எட்டு நிமிடத்தில் வந்தால் சந்தேகப்படுங்கள், மக்ரோனி வேகவே அவ்வளவு நேரம் ஆகும். மேலண்ணத்தில் மெழுகு ஒட்டுகிறதா பாருங்கள். போலி சீஸைக் கண்டுபிடிக்க என்று வாட்ஸப்பில் சுற்றும் அயோடின் சோதனையை மட்டும் இதில் செய்து பார்த்துவிட்டுக் குதிக்காதீர்கள். அயோடின் மாவுச்சத்தில் பட்டால் நீலமாகும், சரி, ஆனால் இந்தப் பதார்த்தத்தில் மக்ரோனியும் மாவு, சாஸில் இருப்பதும் மைதா, அசல் செடார் போட்டிருந்தாலும் நீலமாகத்தான் ஆகும். நானும் ஆர்வக்கோளாறில், மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வந்த பார்சலில் ஊற்றிப் பார்த்து நீலமானதும் துள்ளினேன், பிறகுதான் உறைத்தது.

புகாரை சிவகங்கை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு படங்களோடு கொடுத்திருக்கிறேன். 2006-ம் வருஷ உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் 50-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, வாங்குகிறவர் கேட்ட தன்மையோ தரமோ இல்லாததை விற்றால் ஐந்து லட்சம் வரை அபராதம். கையில் காசும் பொறுமையும் இருந்தால் 40-வது பிரிவில் நாமே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வுக்கும் கொடுக்கலாம், ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், நான் சொல்லவில்லை, அதனால் அந்த வழி எனக்கு அடைபட்டது. சர்வீஸ் சார்ஜுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன், தமிழிலேயே பேசினார்கள்.

பதிந்து நாலாம் நாள் முதலாளி போன் செய்தார். இந்த முறை மேடம் இல்லை, "அக்கா". 901 ரூபாயையும் திருப்பி அனுப்புகிறேன், கூட ஒரு கேக் கொடுத்துவிடுகிறேன், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். காசை மட்டும் அனுப்புங்கள் தம்பி, எனக்குச் சேர வேண்டியது அது, புகார் அது பாட்டுக்கு நடக்கட்டும் என்றேன். காசு வரவில்லை.

தம்பி குடும்பம் கிளம்பிவிட்டது. நேற்றைக்கு முந்தின நாள் சந்தைக்குப் போனவள் அந்தக் கடைக்கும் ஏறிப் பார்த்தேன். மெனு அட்டையில் 'இம்போர்ட்டட் செடார்' என்ற இடத்தில் வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருக்கிறார்கள். 320 ரூபாய் அப்படியே இருக்கிறது.