பெட்டிக்குள் பத்திரமாக வைத்த எஞ்சின்தான் முதலில் கெட்டது

2016 தீபாவளி போனஸில் எச்ஓ என்ற அளவில் ஒரு மாடல் ரயில் ஸ்டார்ட்டர் செட் வாங்கினேன். ஒரு டீசல் எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகத் தண்டவாளம், 12 வோல்ட் கன்ட்ரோலர். இன்று மாடி அறையில் எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட்டில் தண்டவாளம் பதித்த லேஅவுட், அலமாரியில் பதினொரு எஞ்சின். மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், ஒழுங்காக ஓடுவது ஐந்து.

மற்ற ஆறும் ஓடி ஓடித் தேய்ந்தவை இல்லை, சும்மா வைத்தே கெட்டவை. ஒரு நீராவி எஞ்சினை நாலு வருஷம் கழித்து வெளியே எடுத்தேன். கியரில் இருந்த கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. மோட்டார் முனகுகிறது, சக்கரம் அசையவில்லை. இன்னொன்றில், சக்கரம் வழுக்காமல் இருக்கப் போட்டிருந்த ரப்பர் வளையம் விறைத்து உதிர்ந்துவிட்டது. மூன்றாவதில் அட்டைப் பெட்டிக்குள் இருந்த ஸ்பாஞ்ச் இளகி பெயின்டோடு ஒட்டிக்கொண்டது. வாரம் தவறாமல் ஓடும் அந்த முதல் டீசலோ இன்னும் கையைக் கட்டிக்கொண்டு சொன்னபடி கேட்கிறது.

தண்டவாளத்தில்தான் அதிகம் அடிபட்டேன். செட்டோடு வந்த இரும்புத் தண்டவாளம் சென்னை ஈரக்காற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, துரு. நிக்கல் சில்வருக்கு மாறினேன். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். அதிலும் கருப்பு படியும். பழைய வேட்டித் துண்டில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். நான் போட்டேன், ஒரு பக்கத்தை முழுக்கப் பிடுங்கி மாற்றினேன்.

எஞ்சின் ஓரிடத்தில் தயங்கினால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம். தண்டவாளங்களை இணைக்கும் சின்னத் தகடு தளர்ந்து கரண்ட் போகாமல் இருக்கும். மூன்றடிக்கு ஒரு இடத்தில் கன்ட்ரோலர் ஒயரைத் தண்டவாளத்தில் ஈயம் வைத்து ஒட்டிய பிறகுதான் எனக்கு நிம்மதி. இன்னொன்று, நாலடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். தடம் புரள்வது எப்போதும் கை எட்டாத மூலையில்தான்.

நம்ம ஊர் ரயிலை அச்சு அசலாக வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. எச்ஓ என்றால் நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. நம்ம அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர். அது 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக வர வேண்டும். கிடைக்கும் தண்டவாளமோ 16.5. உடம்பு சரியாக இருந்தாலும் கால் ஒடுங்கித்தான் நிற்கும். பெரம்பூரில் செய்த பழைய நீலப் பெட்டி ஒன்று இந்த அளவில் கிட்டத்தட்ட 24.5 சென்டிமீட்டர், பத்துப் பெட்டி கோர்த்தால் பலகையின் நீளத்தையே தாண்டிவிடும். நான் நாலு பெட்டி பாசஞ்சரோடு சமாதானமாகிவிட்டேன்.

டிஜிட்டல் கன்ட்ரோல் பற்றி ஒரு வரி: அதில் ஒவ்வொரு எஞ்சினையும் ஒரு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்; புது எஞ்சின் பெரும்பாலும் 3 என்ற எண்ணோடு வரும், முதலில் மாற்றுங்கள். நான் மறந்து, ஒரே கட்டளைக்கு இரண்டு எஞ்சினும் எதிரெதிரே கிளம்பி, மோதி, ஒன்றின் பஃபர் (முன்னால் நீட்டியிருக்கும் முட்டுத்தாங்கி) போச்சு.

செலவைக் கேட்டால் பேச்சை மாற்றுவேன். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. “பொம்மைக்கா இவ்வளவு?” என்று வீட்டில் கேட்கிறார்கள். சுங்கத்துறையும் இதைப் பொம்மை என்றுதான் சொல்கிறது, அந்த வழக்கில் எனக்குச் சாட்சியே இல்லை. ஆனால் மரம், மட்டைக்கு இறக்குமதி வேண்டாம். காய்ந்த டீத்தூள் மண்ணாகிவிடும், சலித்த ஆற்றுமணல் ஜல்லியாகிவிடும். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் கலந்து விட்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று வருஷமாகப் புது எஞ்சின் வாங்கவில்லை. போன மாதம் அந்த நீராவி எஞ்சினைப் பிரித்து, இறுகிய கிரீஸைச் சுரண்டிக் கழுவி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். ஓரடி நகர்ந்து நின்றது. பெட்டி பிரிக்காமலே இருக்கும் இரண்டை விற்கப் போகிறேன். வாங்குபவர் ஓட்டுகிற ஆளாக இருந்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.